ஷஹ்மா குப்பைப் பை சுமந்த படலம்

அம்பிட்டிய மேட்டின் ஐம்பத்திரண்டு படிகளுக்கும் அரசியே, பதினொரு வயதும் இரட்டைப் பின்னலும் கொண்ட பேராற்றலாளே, நாளுக்கு ஒன்பது தரம் "நான் சின்னப் பிள்ளையில்ல" என்று முழங்கும் ஷஹ்மாவே, நீ வாழ்க! உன் புகழைப் பாட எனக்கு மூச்சுப் போதாது, ஆனாலும் விடமாட்டேன்.

அவளை ஈன்ற அடுக்களைப் பேரரசி கைரியா, அன்று காலை அகப்பையைச் செங்கோலென உயர்த்தி ஆணையிட்டார்: "குப்பைய நீயே லொறியில குடுத்திட்டு வந்தா, வீட்டுத் திறப்பு ஒண்டு ஒனக்கு." தனித் திறப்பு, அவளுக்கென்றே ஒரு சாவி! உம்மா வேலையால் வரும்வரை பக்கத்து வீட்டு வாசலில் புத்தகப் பையோடு குந்தியிருக்கும் இழிவு இன்றோடு ஒழிந்தது என்று அவள் நெஞ்சு விம்மியது.

மூலையில் நின்ற இரண்டு பைகளில் பிளாஸ்டிக் குப்பை நிறைந்த பையை ஏறெடுத்தும் பாராமல், மீன்செதிலும் பலாச்சக்கையும் குழைந்து நாறிய மாபெரும் பொதியைத் தோளேற்றி இறங்கினாள் வீராங்கனை. பதினேழாம் படியின் மதிலில் வீற்றிருந்தது, அத்தெருக் கூரைகளெல்லாம் திறைகொண்ட, வெட்கமறியாக் குரங்குவேந்தன். அது பல்லைக் காட்டியது, அவளும் காட்டினாள். அது பையின் ஒரு காதைப் பற்ற, அவள் மறு காதைப் பற்ற, மலை அதிர்ந்ததோ இல்லையோ, மூன்று நாய்கள் குரைத்தன. செருப்பொன்று களப்பலியாக, மீன்சாறு சீருடையில் வழிய, இறுதியில் வென்றவள் ஷஹ்மாவே. எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஒற்றைச் செருப்போடு ரோட்டுக்குப் பாய்ந்து, புறப்படவிருந்த குப்பை லொறியை மறித்துப் பொதியை நீட்டினாள். லொறிக்காரர் கணேஸ் பாவம் பார்த்துத்தான் சொன்னார்: "தங்கச்சி, இன்னைக்கு வியாழக்கிழமை. பிளாஸ்டிக் மட்டும்தான் எடுக்கிறோம். இதெல்லாம் திங்கக்கிழமை."

ஐயகோ! நேற்றுப் போயா, பௌர்ணமி விடுமுறை. விடுமுறைக்கு மறுநாள் திங்களன்றி வேறென்ன என்று நம்பிய அப்பேருள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! லொறி போய்விட்டது. ரோட்டோரம் நின்றவளின் கையிலிருந்து, தோற்றும் அடங்காமல் பின்தொடர்ந்து வந்த குரங்குவேந்தன் பையைப் பறித்து, ரோடெல்லாம் இறைத்துக்கொண்டே கூரையேறியது.

ஐம்பத்திரண்டு படிகளும் ஏறி, ஒன்றையும் மறைக்காமல் அவள் உம்மாவிடம் சொன்னாள்.

உம்மா தும்புத்தடியைக் கொடுத்து, ரோட்டைக் கூட்டிவிட்டு வந்து திறப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.