குதிகால் நிபுணரும் ஆறு வாத்துகளும்

கண்ணால் பார்த்து நம்புகிறவர்கள் உண்டு, கையால் தொட்டு நம்புகிறவர்கள் உண்டு. பாவம், இவர்களெல்லாம் சாதாரணப் பிறவிகள். குதிகால் நிபுணர் என்று ஓர் உயர்ந்த இனம் இருக்கிறது. நீங்கள் அவசியம் பார்த்திருப்பீர்கள். எந்த நிலத்தில் நின்றாலும் அவர் குனியமாட்டார், ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்க்கமாட்டார். வலது காலைச் சற்றே தூக்கி, குதிகாலால் 'தொம்' என்று ஒரு தட்டுத் தட்டி, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பூமிக்கடியிலிருந்து யாரோ போனில் பேசுவதைப் போல இரண்டு 'ம்ம்' கொட்டி, "அடியில பாறை" என்பார். முடிந்தது. இனி மேல்முறையீடு கிடையாது.

எங்கள் ஊர் நிபுணர் இருபது வருடம் டைல்ஸ் கடை வைத்திருந்தவர். தரைக்கு மேலே போடுவதை விற்றவருக்குத் தரைக்குக் கீழே இருப்பது தெரியாமலா போகும்? அந்தத் தகுதியில்தான் புதிய குப்பைக் கிடங்குக்கு இடம் பார்க்கும் குழுவில் சேர்ந்தார். குழுவில் மூன்று பேர்: நிபுணர், மண் ஆய்வு செய்யும் பெண், நடப்பதை எழுதி வைக்க நான்.

இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்பீர்கள். பழைய கிடங்கு நிரம்பி வழிகிறது. அதன் அடியில் ஊறும் கறுப்புத் தண்ணீர் கீழ்த்தெருக் கிணறுகளை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. என் வீடு கீழ்த்தெருவில். போன மாதம் என் மகள் ஒரு வாளி இறைத்துவிட்டு, "அப்பா, தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள். மழைக்கு இன்னும் ஆறு வாரம். அதற்குள், தண்ணீரைக் கீழே இறங்கவிடாத மண்ணுள்ள ஓர் இடம் முடிவாகாவிட்டால் அந்த வாளியில் என்ன வருமென்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஜீப்பில் கிளம்பினோம். முதல் இடத்தில் 'தொம்'.

"கெட்டிப் பாறைம்மா. கண்ணை மூடிக்கிட்டுக் கொட்டலாம்."

ஆய்வுப் பெண் கைத்துளைக் கருவியை ஊன்றித் திருகினார். ஆறாவது அடியில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. நிபுணர் அசரவில்லை.

"இது நிலத்துத் தண்ணி இல்லம்மா. எங்கேருந்தோ வந்த தண்ணி."

இரண்டாவது இடத்தில் 'தொம்', 'ம்ம்', "சுத்தமான களிமண்ணு." துளைத்துப் பார்த்தால் வெடித்து வெடித்துக் கிடக்கும் கல். குழியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார் அந்தப் பெண். நான் மணி பார்க்க நிமிர்ந்து குனிவதற்குள் குடத்துத் தண்ணீர் காணாமல் போயிருந்தது. "குடத்துல ஓட்டை" என்றார் நிபுணர்.

மூன்றாவது இடம் ஊருக்கு வடக்கே ஒரு மேடான பொட்டல். ஜீப் நின்றது. நானும் ஆய்வுப் பெண்ணும் இறங்கினோம். நிபுணர் இறங்கவில்லை.

"மணல்! வெறும் மணல்! வண்டியைத் திருப்புங்க."

"சார், நீங்க இன்னும் காலே வைக்கலையே" என்றேன்.

"வைக்கணுமா? ஜீப் ஆடுற ஆட்டத்துலயே தெரியுது."

இருபது வருட அனுபவம் டயர் வழியாகவே ஏறுகிறது, பாருங்கள்! எனக்குச் சந்தேகம் வந்தது. மேட்டில் ஏறிப் பார்த்தேன். அரை மைல் தள்ளி, பச்சை வண்ணம் அடித்த ஒரு வீடு. யாருடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா? சட்டப்படி அது போதுமான தூரம். அவர் மூக்குப்படி போதாது.

ஆய்வுப் பெண் துளைத்தார். முதல் அடி மணல். "நான் சொன்னேன்ல!" என்று நிபுணர் ஜீப்பிலிருந்தே கைதட்டினார். இரண்டாவது அடியிலிருந்து களிமண். பன்னிரண்டாவது அடியிலும் களிமண். தண்ணீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டினால் நூல் மாதிரி நீள்கிறது, அறுவேனா என்கிறது. இனி குழியில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். குடம் காலி.

"பக்கத்துல அந்தப் பச்சை வீடுதான் இருக்கு. கேட்டு வாங்கிக்கலாம்" என்றார் ஆய்வுப் பெண்.

"வேண்டாம்மா! அங்க யாரும் இல்ல! பூட்டியிருக்கும்! நாய் இருக்கு!"

பூட்டிய வீட்டுக் கதவை நிபுணரின் மனைவியே திறந்தார். நாயும் இல்லை.

"என்னங்க, மத்தியானமே வந்துட்டீங்க? தண்ணியா? பின்னாடி குழியில நிறைய இருக்கு, மொண்டுக்கோம்மா."

கொல்லையில் கிணறளவுக்கு ஒரு பெரிய பள்ளம். பாதிக்குமேல் தண்ணீர். அதில் ஆறு வாத்துகள், உலகக் கவலை எதுவுமின்றி.

"கிணறாக்கா இது?" என்று கேட்டார் ஆய்வுப் பெண்.

"கிணறுன்னு சொல்லித்தான்மா வெட்டினாரு! இங்க வீடு கட்டும்போது காலால தட்டி, பதினஞ்சு அடியில ஊத்துன்னாரு. மூணு இடத்துல வெட்டியாச்சு. களிமண்ணு, களிமண்ணு, களிமண்ணு! சொட்டு ஊறல. குடிக்க லாரித் தண்ணிதான். மத்த ரெண்டையும் மூடிட்டோம். இந்தக் குழியில போன மழைத் தண்ணி நின்னுச்சு. வெயில் குடிச்சது போக மிச்சம் அப்படியே நிக்குது. சரி, வாத்தாவது வளர்ப்போம்னு விட்டுட்டேன்."

நான் நிபுணரைப் பார்த்தேன். அவர் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆய்வுப் பெண்ணோ மகிழ்ச்சியில் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஒரு குடத்தில் அரை நாள் செய்ய நினைத்த சோதனையை, ஒரு வருடமாக ஆறு வாத்துகளை மிதக்கவிட்டு நடத்தி வைத்திருக்கிறார் புண்ணியவதி! ஆனாலும் ஆய்வுப் பெண் விடவில்லை. மேட்டில் இன்னும் நான்கு துளை போட்டு, குழிகளில் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாள் காவல் இருந்து அளந்தார். எல்லாம் வாத்துகள் சொன்னபடியே இருந்தது.

இடம் முடிவானது. மழைக்கு மூன்று வாரம் முன்பே பழைய கிடங்கை மூடத் தொடங்கினார்கள். அன்றிரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

நிபுணர் ஓய்ந்துவிட்டார் என்று நினைக்கிறீர்களா? கடைசிக் கூட்டத்தில் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "அங்க களிமண் இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது யாரு? சொந்தச் செலவுல மூணு கிணறு வெட்டி ஆராய்ச்சி பண்ணது யாரு? அதை எழுதிக்கங்க" என்றார். எழுதினேன். பொய்யில்லையே! பக்கத்தில், "உதவி: வாத்துகள்" என்றும் எழுதினேன்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தது சரி. இடம் தேடும் ஜீப் ஒருநாள் உங்கள் வீட்டுப் பக்கமும் வரும். உங்கள் பகுதி மண் எப்படி என்று யாராவது கேட்பார்கள். அது மணல்தான் என்று உங்களுக்கு இப்போதே திட்டவட்டமாகத் தெரிகிறது, இல்லையா? அதோ, வலது குதிகால் லேசாக எழும்புகிறது. மெதுவாகக் கீழே வையுங்கள். சத்தம் வரக்கூடாது.