மாதுளை எழுதிய முடிவுரை

ஒரு காட்டில் அந்த வருஷம் வெயில் வாட்டி எடுத்தது. குளம் வற்றிப்போய், பாறையடியில் ஒரே ஓர் ஊற்றுதான் மிச்சம். அதை யாருக்குக் கொடுப்பது என்று காட்டு நிர்வாகம் கூடிப் பேசியது. பேசிப் பேசித் தொண்டை வறண்டதும் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தது: ‘நீரின்றி நாமில்லை’ என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி. ஜெயிப்பவருக்குக் கோடை முழுக்க அந்த ஊற்று. அதுவரை யாரும் அங்கே வாய் வைக்கக் கூடாது.

மாதுளை என்ற முள்ளம்பன்றிக்கு இரண்டு குட்டிகள். இரண்டும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தன. அதைப் பார்த்ததும் அவள் எழுத உட்கார்ந்துவிட்டாள். பேனாவுக்குப் பஞ்சமில்லை; முதுகில் கைவைத்தால் ஒன்று வரும். முன்னுரை மளமளவென்று வந்தது. நடுவில் மேகமும் மழையும் வேரும் தாமாகவே வந்து உட்கார்ந்தன. முடிவுரையில்தான் மாட்டிக்கொண்டாள். ‘ஆகவே’ என்று எழுதுவாள், அடிப்பாள். ‘இறுதியாக’ என்று எழுதுவாள், அதையும் அடிப்பாள். முதுகு பாதி மொட்டையானதுதான் மிச்சம்.

கடைசியில் கட்டுரை டியூஷன் நடத்தும் நரி தர்மராசுவிடம் போனாள்.

“வாத்தியாரே, முடிக்கத் தெரியல.”

நரி வாங்கிப் படித்தது. “நல்லாத்தாம்மா இருக்கு. முடிவுரையில புதுசா எதையும் நுழைக்காத. மேல சொன்னதை ரெண்டு வரியில சுருக்கு. அப்புறம் ‘ஆகவே, நாம் அனைவரும் ஒன்றுபட்டு உறுதியேற்போம்’னு போட்டுரு. எங்கிட்டப் படிக்கிறவங்க எல்லாரும் அதைத்தான் போடுறாங்க.”

“அதைக் கேட்டா யாருக்காவது ஏதாவது தோணுமா?”

“தோணும். அப்பாடா, முடிஞ்சிருச்சுன்னு தோணும்.”

மாதுளைக்கு மனசு ஒப்பவில்லை. “கேக்குறவங்க எந்திரிச்சு ஏதாவது செய்யணும் வாத்தியாரே.”

நரி காதைச் சொறிந்தது. “அப்படின்னா உனக்கு நெஜமா என்ன வேணுமோ அதை நேரா சொல்லிட்டு நிறுத்திரு. மார்க் வரலைன்னா எங்கிட்ட வந்து அழாத.”

போட்டி நாள் வந்தது. நடுவர் கரடி அப்பாசாமி. ஒவ்வொரு முன்னுரைக்கும் அது கண்ணை மூடும், ‘ஆகவே’ என்ற சொல் காதில் விழுந்ததும் விழித்து, “அருமை!” என்று சொல்லும். மான் உறுதியேற்றது. முயல் உறுதியேற்றது. குரங்கு கொஞ்சம் கூடுதலாகவே உறுதியேற்றது. எல்லோரும் கைதட்டிவிட்டு அவரவர் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மாதுளை எழுந்தாள். வாசித்துக்கொண்டே வந்தவள், கடைசிப் பத்தியில் தாளை இறக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

“ஊற்று அதோ இருக்கிறது. என் பிள்ளைகளுக்குத் தாகம். உங்களுக்கும்தான். இங்கே உட்கார்ந்து நாம் என்ன செய்கிறோம்?”

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள்.

கூட்டத்தில் யாரோ எச்சில் விழுங்கியது மட்டும் கேட்டது. குரங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டது. “அதானே!” என்று யானை எழுந்தது. அடுத்த நொடி காடே புழுதியாகிவிட்டது. “இதுதாண்டா முடிவுரை!” என்று கத்திக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடியது நரி வாத்தியார்.

குட்டிகள் மாதுளையின் காலை இடித்தன. “அம்மா, நாமளும் போவோம்மா.”

“இருங்க கண்ணுங்களா. ரிசல்ட் சொல்லட்டும்.”

கரடி தூங்கிக்கொண்டிருந்தது. மாதுளை மரியாதையாக இருமிப் பார்த்தாள். கனைத்துப் பார்த்தாள். கடைசியில் வாயைத் திறந்து, “ஆகவே” என்றாள்.

“அருமை!” என்று கரடி விழித்தது. சுற்றிலும் பார்த்தது. போட்டியாளர் என்று அங்கே இருந்தது அவள் ஒருத்திதான். “முதல் பரிசு உனக்கேம்மா. ஊற்று முழுக்க உன்னுது!”

குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஊற்றுக் குழியில் சேறும், சேற்றின் நடுவே சப்பணமிட்ட யானையும்தான் இருந்தன.

“வா மாதுளை,” என்றது யானை, தழுதழுத்த குரலில். “உன் முடிவுரை இருக்கே, அப்படியே மனசைத் தொட்டுருச்சு.”

குட்டிகள் யானையின் ஈரக் காலை ஆளுக்கொரு பக்கமாக நக்கத் தொடங்கின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாதுளை, தானும் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

நீதி: கேட்பவர்களை எழுந்து ஓடவைக்கும் முடிவுரை எழுதத் தெரிந்தவர்கள், அதை ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கவும்.