வண்டி கேட், ஆள் கேட், நடுவில் சமம்

உலகத்தில் எதையும் இருக்கிறபடி விட்டுவைக்காத ஒரே ஆள், வேங்கிக்கால் சாஃப்ட்வேர் ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரன்தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவன் ‘சமம்’.

எந்த புரோகிராமைப் பார்த்தாலும் படிப்படியாக எளிமையாக்குவான். ஒவ்வொரு படியிலும் பழசும் புதுசும் சமம் என்று நிரூபித்த பிறகுதான் அடுத்த படி. வியாதி ஆபீசோடு நிற்கவில்லை. ஒன்று, லீவு லெட்டரைச் சுருக்கிச் சுருக்கி ‘வரமாட்டேன்’ என்று ஒற்றை வார்த்தையாக அனுப்பினான். இரண்டு, ஓட்டலில், “ரெண்டு இட்லி ஒரு வடை. அதாவது ஒரு வடை ரெண்டு இட்லி. சமம்தானேங்க?” என்றான். சர்வர் நாலு இட்லியும் ரெண்டு வடையும் கொண்டுவந்து வைத்தார்.

அப்போது என் கையில் கிரிவலப் பாதை கேட்டுகளைத் திறந்து மூடும் புரோகிராம் வேலை. பௌர்ணமிக் கூட்டம் பாதையைக் கடக்கும் இடத்தில் ஆள் கேட், வண்டி கேட் என்று இரண்டு. இரண்டும் சேர்ந்து திறந்தால் கூட்டத்துக்குள் பஸ் புகுந்துவிடும். அப்படி ஒருபோதும் நடக்காது என்று நான் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்கும் மென்பொருளோ முடிவு சொல்லாமல் மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. பௌர்ணமிக்கு ஒரு வாரம்தான்.

சமம் எட்டிப் பார்த்தான்.

“கேட்டுக்கு ஒரு குறிப்புன்னு எதுக்கு தனித்தனியா வெச்சிருக்க? ஒரே குறிப்பு போதும். ஆள், வண்டி, இல்லன்னா ரெண்டும் மூடல். ரெண்டும் திறக்கணும்னு எழுதவே இடம் இருக்காது.”

“ஓடுறத கெடுக்காதப்பா.”

“எங்க ஓடுது? சுத்துது.”

மாற்ற ஆரம்பித்தான். எல்லாப் படியும் சமம். ஒரே ஒரு படி மட்டும் ஒத்துவரவில்லை.

“பாத்தியா, கெடுத்துட்ட!” என்றேன்.

“கரண்ட் போய் வந்தா உன்னோடது என்ன பண்ணும்னு படி.”

படித்தேன். யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதென்று ஆள் கேட்டுக்கு ‘திற’ என்று ஒருநாள் எழுதியிருந்தேன். வண்டி கேட்டுக்கும் அதையே இன்னொரு நாள். கரண்ட் திரும்பினால் இரண்டும் சேர்ந்து திறக்கும். அவன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினான். புது வடிவத்தில் கரண்ட் போய் வந்தால் ரெண்டும் மூடல்; நிரூபணம் டீ ஆறுவதற்குள் முடிந்தது.

பௌர்ணமி சாயங்காலம் அந்த இடத்தில் இருவரும் நின்றிருந்தோம். கரண்ட் போய் வந்தது. இரண்டு கேட்டும் மூடியே நின்றன.

“யாருய்யா இந்த கேட்ட செஞ்சது? தொறக்கவே மாட்டேங்குது!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

சமம் சட்டென்று என் பக்கம் கையை நீட்டினான். “இவங்கதாங்க செஞ்சாங்க!”

இவ்வளவு பெருமையாக என்னை இதுவரை யாரும் காட்டிக்கொடுத்ததில்லை.