சாக்லேட் காய்த்த மரம்

திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். பெண்ணாடத்திலிருந்து கரும்பு டிராக்டரிலேயே வந்தார்கள். விருத்தாசலத்தில் ஒரு கோகோ மரம் நேராகச் சாக்லேட்டே காய்க்கிறதாம். பொள்ளாச்சியிலிருந்து தொட்டியோடு கோகோ சுவாமிகள் கொண்டுவந்த மரம். பழம் ஐந்நூறு ரூபாய். தின்றால் சர்க்கரை வியாதி பறந்துவிடும். இனிப்பைத் தின்று இனிப்பு வியாதியை விரட்டும் இந்த வைத்தியத்தை டாக்டர்கள் இத்தனை காலம் எப்படித்தான் மறைத்து வைத்தார்களோ.

மரத்துக்கு வெயில் ஆகாது என்று ஏ.சி. ஷெட் வேறு. சாக்லேட் உருகும் என்பது ஞானிக்கும் தெரியும்.

வரிசையில் மோகனப்பிரியாவும் நின்றாள். பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த கப்புகளைச் சீவித் துடைப்பது அவள் வேலை. கணவன் திருமால் அங்கேயே சூளை ஆள். மூன்று வாரமாகச் சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டுச் சாமி பழம் தின்கிறான். காலில் புண் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாலாவது பழத்துல புண்ணு காஞ்சிடும்னு சாமி சொல்லியிருக்காரு," என்றான் திருமால்.

சுவாமி ஒரு மஞ்சள் பழத்தைப் பறித்து வெள்ளிச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். அதே நொடியில் மேளம் முழங்கியது. உள்ளே சாக்லேட். உடைந்த ஓடுகளைச் சீடன் பட்டுத் துணியில் பொறுக்கிக்கொண்டான். புனிதமான ஓடு, பக்தர்கள் தொடக்கூடாதாம்.

திருமாலின் முறை வந்தது. சுவாமி கை நீட்டுமுன் மோகனப்பிரியாவே பழத்தைப் பறித்தாள். கட்டைவிரல் வேலைப் பழக்கத்தில் தானாக ஓரத்தில் ஓடியது. மேலிருந்து கீழ்வரை நூல் மாதிரி ஒரு கோடு. தினம் முந்நூறு கப்பில் அவள் சீவியெடுக்கும் அதே அச்சுக்கோடு.

"சாமி, இந்தக் கோட்ட யாரும் சீவாம வுட்டுட்டாங்களே."

"அது பிரம்ம ரேகை தாயே."

"மேளத்த கொஞ்சம் நிறுத்துங்க."

மேளம் நின்றதும் பூஜைத் தட்டிலிருந்த கரண்டியால் பழத்தைத் தட்டினாள். ணங் என்றது. கூட்டத்தில் பாதிப் பேர் பீங்கான் வேலைக்காரர்கள். தினமும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விரிசல் பார்க்கிறார்கள். தட்டிப் பார்க்க வேண்டிய சரக்கைக் கைகூப்பிக் கும்பிட்டிருக்கிறார்கள்.

இலை மறைவில் நிஜப் பழம் ஒன்று இருந்தது. அதைத் தட்டிலிருந்த கத்தியால் பிளந்தாள். வெள்ளைச் சதை, வழவழவென்று விதைகள்.

"இத புளிக்கவச்சு, காயவச்சு, வறுத்து, அரைச்சு, சர்க்கரை கொட்டுனாத்தான் சாக்லேட்டு. போன்ல பாத்தாலே தெரியும். ஒரு விதைய மென்னு பாருங்க சாமி."

சுவாமி மென்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் கூட்டம் முதல்முறையாகச் சிரித்தது. துப்பிவிட்டு நழுவப் பார்த்தவரை டிராக்டர்காரர்கள் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"நம்ம சூளைச் சரக்குதான்," என்று முனகினான் திருமால்.

"வாங்க, ஆஸ்பத்திரிக்கு. விரலு இன்னும் உங்க கால்லதான் இருக்குது."

வாசலில் சக்கரபாணி என்ற பெரியவர் வழிமறித்தார். கையில் அந்த விதைகளைப் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தார்.

"ஏம்மா, இந்தக் கசப்பு விதை எந்த வியாதிக்கு நல்லது?"

"கண்ண மூடிக்கிட்டு நம்புற வியாதிக்குங்க. ஆனா தின்னா போவாது, யோசிச்சாத்தான் போவும்."