ஓடுகிற பம்பைக் கழற்றுகிறவர்

கெட்டுப்போனதைப் பழுதுபார்க்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சாதாரண மனிதர்கள். நான் சொல்ல வருவது வேறு ரகம்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கண்டால் கை அரிக்கிறவர்கள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே, தெருவுக்கு ஒரு ஃபிட்டராவது இருக்கிற நம் பக்கத்தில், இந்த ரகம் அமோகமாக விளைகிறது.

அடையாளம் வேண்டுமா? கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் சீலிங் ஃபேனைப் பார்ப்பார். “ஆடுது” என்பார். அவ்வளவுதான், பந்தியில் அவருக்குச் சோறு இறங்காது. இப்போது மின்வெட்டுக் காலம் வேறு. கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எதை வேண்டுமானாலும் கழற்றலாம்.

என் நண்பர் ஸ்டானிஸ்லாஸை எடுத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய மனைவியின் தங்கை ஃப்ளோரன்ஸ், புருஷனை இழந்தவள், எண்ணூர்க் கழிமுகத்தோரம் குளம் வெட்டி மடவை மீன் வளர்க்கிறாள். தவக்காலத்தில் ராயபுரமே கறியை விட்டுவிட்டு மீன் தேடும். அப்போது விற்கிற மீன்தான் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வருஷச் சோறு. குளத்தில் மீன் நெருக்கம். தினமும் புதுத் தண்ணீர் பாயாவிட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அதற்குத்தான் பம்பு.

“கரண்ட்ட குடிக்குது” என்றார் ஸ்டானிஸ்லாஸ். மடக்கு மடக்காக இருந்த பைப்பை எடுத்துவிட்டு, பருமனான பைப்பை நேராகப் போட்டார். மேட்டிலிருந்த பம்பைத் தண்ணீருக்குப் பக்கத்தில் தாழ இறக்கிவைத்தார். உண்மையைச் சொல்லவேண்டும்: அதே தண்ணீருக்குக் கரண்ட் பாதியாகக் குறைந்தது. மீட்டர் சக்கரம் நிதானமாகச் சுற்றுவதை, தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃப்ளோரன்ஸ் மீன் வறுத்துப் போட்டாள். வேறு யாராக இருந்தாலும் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இவர் அடுத்த வாரமே ஸ்பானரோடு வந்து நின்றார்.

“நல்லாத்தானே ஓடிக்கினு கீது, மாமா? இன்னாத்துக்கு கயட்டுறே?”

“உள்ள சுத்துற சக்கரத்த கொஞ்சம் இழைச்சா இன்னும் கொறையும்மே. வூட்டுக்கு எட்த்துனு போய் ரெண்டே அவர்ல கொண்டாந்துர்றேன்.”

மனைவி ஆலிஸின் தையல் மிஷினும் அதே ‘ரெண்டே அவர்’ கணக்கில், இரண்டு மணி நேரத்துக்கென்று கழற்றப்பட்டதுதான். இன்றுவரை அது கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

மூன்றாம் நாள் காலை குளம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பம்போ ராயபுரத்தில் அவர் வீட்டில், தினத்தாள் விரிப்பின்மேல், துண்டு துண்டாக. ஃப்ளோரன்ஸ் போட்ட கூச்சலில் அக்கம்பக்கமே திரண்டது. பெண்கள் குடத்தோடும் ஆண்கள் துடுப்போடும் குளத்தில் இறங்கி, தண்ணீரை அடித்துக் கலக்கி, மொண்டு மொண்டு ஊற்றி மீனுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். பாதிதான் பிழைத்தது. மற்றது வயிறு தெரிய மிதந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஸ்டானிஸ்லாஸ் வந்தார். மிதந்த மீனைப் பார்த்து முகம் வாடினார். பிறகு கண் தானாக மீட்டர் பக்கம் போயிற்று.

“ஒண்ணு கவனிச்சியா, ஃப்ளோரன்ஸ்? மூணு நாளா மீட்டரு ஒரு சுத்துகூட சுத்தல.”

ஃப்ளோரன்ஸ் ஒரு குடத்தை அவர் கையில் திணித்தாள். “எறங்கு, மாமா.”

இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று மொண்டு ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதோட வாய் மட்டும் கொஞ்சம் அகலமா இருந்தா…”

“ஊத்து, மாமா.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பக்கத்து வீட்டில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டரை, “லேசா கரகரங்குது, கொடுங்க பார்க்கிறேன்” என்று வாங்கிவந்தீர்களே, அது இப்போது எந்தக் கோலத்தில் இருக்கிறது? அவர் நாளைக்கு வந்து கேட்டால், பாட்டரி இன்னும் புதுசாகவே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.