கர்சர் நின்ற இடம்

"டிஸ்க் நிரம்பிடுச்சு. பழைய லாக் ஃபைலை எல்லாம் கொஞ்சம் அழிச்சிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனதும் கீபோர்டு மாமாவுக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வருட சர்வீஸுக்குக் கடைசியில் குப்பை பொறுக்கும் வேலை.

மவுஸைத் தொடவே மாட்டார் என்பதால் ஆபீசில் அவருக்கு அந்தப் பெயர். புரோகிராம் எழுதுவது, மெயில் படிப்பது எல்லாம் ஒரே எடிட்டருக்குள்தான். கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடக்கூட வெளியே வரமாட்டார். இரண்டு விசையைத் தட்டினால் எடிட்டரின் அடியில் ஒரு வரி திறக்கும், அந்தக் கட்டளையை அதிலேயே அடித்துவிடுவார். அதற்கென்று தனியாகக் கறுப்புத் திரையைத் திறக்கும் பிள்ளைகளைக் கண்டால் அவருக்கு இளக்காரம். மேனேஜரைக் கண்டால் அதைவிட இளக்காரம். தன்னுடைய சரக்கு இருப்பு புரோகிராமைப் பற்றி இரண்டு வருடமாக வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை என்று மார்தட்டாத நாளே கிடையாது.

அந்த எடிட்டருக்கு ஒரு குணம் உண்டு. கர்சர் எந்த ஃபைலில் நிற்கிறதோ, அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரில்தான் கட்டளை ஓடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவரே இதை மணிக்கணக்கில் பாடம் எடுப்பார். அன்று திரையின் இடது பக்கம் கம்ப்யூட்டர் தானாக எழுதிக் குவித்த லாக் ஃபைல், வலது பக்கம் அவருடைய புரோகிராம். இங்கே இருப்பதையெல்லாம் அழி என்று அடித்து என்டரைத் தட்டினார். கர்சர் வலது பக்கம் நின்றது.

அழிந்தது லாக் அல்ல, அவருடைய புரோகிராம். ஐம்பத்து மூன்று வயதில் இந்த வேலை போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்? மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பதறக்கூடாது என்று பதறிக்கொண்டே பேக்கப் ஃபோல்டரை எடிட்டரிலேயே திறந்தார், கர்சர் அங்கே போய் நின்றது. எப்போதோ அடித்த, பிரதி எடுக்கும் கட்டளை ஞாபகத்தில் இல்லை. மேல் அம்பு விசையைத் தட்டினால் பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். ஒரு தட்டு தட்டி, படித்துப் பார்க்காமல் என்டர் போட்டார். வந்திருந்தது கடைசியாக அடித்த கட்டளை. பேக்கப்பும் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வை."

இன்னும் ஒரு வழி இருந்தது. திறந்து வைத்திருந்த ஃபைல்கள், டிஸ்க்கில் இல்லாவிட்டாலும் எடிட்டரின் நினைவில் இருந்தன. பேசாமல் ஒவ்வொன்றாகச் சேமித்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அவரோ, வேறெங்காவது ஒரு பிரதி கிடக்கிறதா என்று சர்வர் முழுவதையும் தேடச் சொல்லி ஒரு கட்டளை போட்டார். அது முடிகிறவரை எடிட்டர் அசையாது. திரை உறைந்துபோய் நின்றது. மேனேஜர் இந்தப் பக்கம் வருவதைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபடுகிற பயத்தில் எடிட்டரையே மூடினார். நினைவில் இருந்ததும் அதோடு போயிற்று.

இனி மறைத்துப் பயனில்லை. நடந்ததையெல்லாம் மேனேஜரிடம் சொன்னார்.

"மொத்தமாவா? பேருக்காவது ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இல்ல சார்."

மேனேஜர் முகம் வெளுத்துப்போய் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். வாடிக்கையாளர்களின் ஏச்சையெல்லாம் இந்த மனிதர்தானே வாங்கிக்கட்ட வேண்டும் என்று கீபோர்டு மாமாவுக்கு முதல் தடவையாக அவர்மேல் இரக்கம் வந்தது, தன்மேல் வெட்கமும் வந்தது. மேனேஜர் எழுந்து முதலாளியின் அறைக்குப் போனார்.

கீபோர்டு மாமா நேராக டெலிபோன் ஆபரேட்டர் பெண்ணிடம் ஓடினார்.

"வாடிக்கையாளருங்க கூப்பிட்டா, சாயங்காலத்துக்குள்ள சரியாகிடும்னு சொல்லும்மா."

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"யாரும் கூப்பிட மாட்டாங்க சார். எல்லாரும் ரெண்டு வருஷம் முன்னாடியே வேற புரோகிராமுக்கு மாறிட்டாங்க. உங்களுது இன்னும் ஓடுது, பார்த்துக்க ஒரு ஆள் வேணும்னு முதலாளிகிட்ட சொல்லிச் சொல்லித்தான் மேனேஜர் உங்க வேலையைக் காப்பாத்திக்கிட்டு இருந்தார்."