சுந்தரவல்லி ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட்

"மேடம், அந்த ஊறுகாய் கம்பெனிய நேர்ல பாக்கணும்ன்றாரு ஒருத்தரு" என்றார் இனாயத் போனில்.

சாருலதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எந்த ஊறுகாய் கம்பெனி?"

"இன்னா மேடம், நீங்கதானே எழுதுனீங்க? சுந்தரவல்லி ஃபுட்ஸ்!"

எழுதியவள் அவள்தான். அதுதான் வினை. சுந்தரவல்லி ஃபுட்ஸ் என்று ஒரு கம்பெனி மயிலாப்பூரில் மட்டுமில்லை, பூலோகத்திலேயே கிடையாது.

இனாயத் பாண்டி பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார். பரம்பரையாகக் குடை வியாபாரம் செய்த குடும்பம். சென்னையில் மழை ஏமாற்றினாலும் கம்ப்யூட்டர் ஏமாற்றாது என்று நம்பித் தொண்ணூற்றாறில் இறங்கியவர். அவர் தயாரித்த 'முன்ஷி' என்ற சாஃப்ட்வேர் எந்தக் கம்பெனியின் சரக்கு இருப்பையும் துல்லியமாகச் சொல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. அதை வாங்கிய ஒரே ஆள் அவருடைய சித்தப்பா. அவரும் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூடி, அதன்மேல் குடைகளை அடுக்கி வைத்திருந்தார்.

சாருலதா இந்த மாதிரி கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பதைத் தொழிலாக ஆரம்பித்திருந்தாள். விளம்பரப் புத்தகம், கேட்டலாக், 'சக்சஸ் ஸ்டோரி' எல்லாம். கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தவள், அந்தப் பிள்ளைகளிடமிருந்து தப்பித்து வந்தது வரைக்கும் சரி. ஆனால் சேலத்துக்கு மாற்றலாகிப் போயிருந்த அவள் கணவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் தொழில் காலூன்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் சாக்பீஸ். அவளுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் இனாயத். முன்ஷி ஓர் இடத்திலாவது விலை போனால் வருஷம் முழுவதும் எழுத்து வேலை உங்களுக்குத்தான் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"நம்ம சாஃப்ட்வேரால நல்லா வந்த ஒரு கம்பெனி பேரு வேணும் மேடம். எதுனா போடுங்க" என்றும் அவர்தான் சொன்னார்.

எதைப் போடுவது என்று தலையைத் தூக்கியவள் கண்ணில் அலமாரியிலிருந்த நார்த்தங்காய் ஜாடி பட்டது. போட்டவள் மாமியார் சுந்தரவல்லி. காபி ஆறுவதற்குள் கம்பெனி பிறந்துவிட்டது. நாற்பது வகை ஊறுகாய்கள், கடல் தாண்டிய ஏற்றுமதி, முன்ஷி வந்த நாளிலிருந்து இருப்பு ஒருபோதும் குறைந்ததில்லை. குளிக்காமல் ஜாடியை யாரும் தொடக்கூடாது என்று மாமியார் பார்க்கும் மடியைக்கூட, 'உலகத்தரமான சுகாதார நடைமுறை' என்று ஒரு பத்தி எழுதியிருந்தாள். அந்தப் பத்தியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அதைப் படித்துவிட்டுத்தான் அடையாறிலிருந்து ராஜமாணிக்கம் என்ற ஏற்றுமதிக்காரர் கிளம்பியிருக்கிறார்.

"வெளி ஆட்களை உள்ள விடமாட்டாங்க, தொழில் ரகசியம்னு சொல்லிடுங்க சார்" என்றாள் சாருலதா.

அரை மணியில் இனாயத் மறுபடியும் கூப்பிட்டார்.

"சொன்னேன் மேடம். அவ்ளோ ரகசியம்னா பெரிய கம்பெனியாத்தான் இருக்கும், போன்லயாவது பேசணும்ன்றாரு."

"போன் நம்பர் இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஏற்றுமதி பண்ற கம்பெனிக்குப் போன் இல்லன்னா எவன் மேடம் நம்புவான்? உங்க வீட்டு நம்பரக் குடுத்துட்டேன். நீங்களே எம்.டி. மாதிரி பேசிடுங்க."

பேசியிருப்பாள். ஆனால் மறுநாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தலையைத் துவட்டிக்கொண்டு ஓடிவந்தபோது மாமியார் ரிசீவரோடு வசதியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா, சுந்தரவல்லிதான் பேசறேன்... நாற்பது வகையா? அதுக்கு மேலயே போடுவேன்... தீர்ந்து போறதா? நான் இருக்கறவரைக்கும் தீர்ந்ததே கிடையாது... வெளியூருக்கா? போன மாசம்கூட பாஸ்டனுக்குப் போச்சு. வாங்கோளேன், நேர்ல வந்து பாத்துட்டுப் போங்கோ. வெள்ளிக்கிழமை நல்ல நாள்."

ஒரு வார்த்தை பொய்யில்லை. பாஸ்டனில் சின்ன நாத்தனார் இருக்கிறாள்.

"யாரோ ராஜமாணிக்கமாம்டி. ஊறுகாய்ல ரொம்ப ஈடுபாடு. நல்ல மனுஷன்" என்றாள் மாமியார்.

சாருலதா தலையில் கை வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். மாமியார் திட்டப்போகிறாள் என்று பயந்தாள். சுந்தரவல்லியோ நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் பேர்ல கம்பெனியா? பிரைவேட் லிமிடெட்டா?"

"ஆமாம்மா. மன்னிச்சுடுங்கோ."

"மன்னிக்கறது இருக்கட்டும். எம்.டி.ன்னா தனி ரூம் வேண்டாமோடி?"

அப்போதே சாருலதா எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் தெருவிலிருந்த பீங்கான் ஜாடிகளெல்லாம் அவர்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. கடன் கொடுத்த மாமிகள், தங்கள் ஜாடி எப்படி நடத்தப்படுகிறது என்று வாசலில் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர்களை விரட்ட முடியாமல், 'ஊழியர்கள் நலச் சங்கம்' என்று சொல்லிக்கொள்ளலாம் என முடிவாயிற்று. தொழிலாளிகள் வேண்டுமே? முன்ஷியை எழுதிய மூன்று புரோகிராமர்களை இனாயத் அழைத்து வந்தார். மாமியார் மூவரையும் குளிக்கச் சொல்லி, தலையில் பிளாஸ்டிக் குல்லாய் மாட்டி, ஆவக்காய் மாங்காய் நறுக்க உட்கார்த்தினாள். எடுத்த வேலையை அவர்கள் முழுசாக முடித்தது அன்றைக்குத்தான்.

மாமியார் அரக்குப் பட்டுப்புடவையில், மகனுடைய சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சாருலதாவின் கம்ப்யூட்டரில் முன்ஷி.

ராஜமாணிக்கம் வந்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். உட்காரவில்லை. ஜாடிகளைத் தட்டிப் பார்த்தார். குல்லாய்களை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் குல்லாய் எங்க வாங்கினீங்க?"

சாருலதா குல்லாய்களுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். சந்தேகப்படுகிறான்!

"ஜெர்மனிலேர்ந்து வரவழைச்சோம்" என்றாள் மாமியார்.

"ஜாடி எல்லாம் வேற வேற சைஸா இருக்கே?"

"ஒவ்வொரு தேசத்துக்கு ஒவ்வொரு சைஸ்."

"தொழிலாளிங்க இவ்வளவுதானா?"

"ஷிஃப்ட்டு மாறிண்டிருக்கு. முக்கால்வாசிப் பேர் அம்பத்தூர் ஃபாக்டரில இருக்கா."

அம்பத்தூர் ஃபாக்டரியா? இனாயத் ஜன்னல் வழியாகக் குதிக்கலாமா என்பதுபோல் வெளியே பார்த்தார். சாருலதாவின் கண்ணுக்குள் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு முழுசும் எழுந்து நின்று "குட்மார்னிங் மிஸ்" என்றது.

"சாஃப்ட்வேரைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

இனாயத் விசைப்பலகையைத் தட்டினார். முதல் திரை வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் முன்ஷி, வழக்கம்போல, உறைந்துபோய் நின்றது. ஆறு மாதமாக அது மூன்றாவது திரையைத் தாண்டியதில்லை.

"என்ன, நின்னுடுச்சு?"

"நிக்கலை. கணக்குப் போட்டுண்டிருக்கு" என்றாள் மாமியார். "நாற்பது வகை, பன்னண்டு தேசம். நடுவுல யாரும் தொந்தரவு பண்ணப்படாது. அதுக்கும் மடி உண்டு."

ராஜமாணிக்கம் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, மரியாதையா என்று சாருலதாவுக்குப் பிடிபடவில்லை.

"வாசல்ல நிக்கிற அம்மாங்க எல்லாம்?"

"ஊழியர்கள் நலச் சங்கம்" என்று மூன்று புரோகிராமர்களும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிக் கொடுத்ததில் அது ஒன்றுதான் அவர்களுக்கு நினைவிருந்தது.

"இதெல்லாம் ஏற்பாடு பண்ண எவ்வளவு நாளாச்சு?"

மாமியார் நாற்காலியை அரைச் சுற்று சுழற்றிக்கொண்டாள்.

"ஒரு ஜன்மம் ஆச்சு" என்றாள் பிறகு, கண் கலங்க. அந்தக் கலக்கம் நிஜம். பக்கத்தில் மிளகாய்ப்பொடி திறந்திருந்தது.

ராஜமாணிக்கம் கைகூப்பினார்.

"ரொம்ப சந்தோஷம்மா. எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு."

அவர் படி இறங்கியதும் இனாயத் சாருலதாவின் காதருகே கிசுகிசுத்தார். "மேடம், இவ்ளோ துருவித் துருவிக் கேட்டவன் வாங்காம வுடுவானா? ஆர்டர் நம்பளுக்குத்தான்! இந்த வருஷம் பூரா எழுதி எழுதிக் கை நோவப் போவுது உங்களுக்கு."

சாருலதாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாற்பது வகை ஊறுகாயைக் காற்றிலிருந்து உண்டாக்கிய தன் பேனாவை நினைத்து உள்ளம் பூரித்தாள். இனி ஜென்மத்துக்கும் சாக்பீஸ் இல்லை. சேலத்துக்கு இன்றைக்கே எஸ்.டி.டி. போட்டுவிட வேண்டியதுதான்.

அப்போது ராஜமாணிக்கத்தின் டிரைவர் கபாலி படியேறி வந்து, கதவோரம் தயங்கி நின்றார்.

"வாங்க வாங்க" என்று பாய்ந்து போனாள் சாருலதா. "சார் என்ன சொன்னார்? சாஃப்ட்வேர் எத்தனை வேணுமாம்?"

கபாலி தலையைச் சொறிந்துகொண்டார்.

"சாஃப்ட்வேரா? அதெல்லாம் வேணாம்மா. உங்க கம்பெனி டூப்புன்னு புக்கப் படிச்சன்னிக்கே சாருக்குத் தெரியும்; எங்க கம்பெனியும் அப்டித்தான், அத்தப் பாக்க திங்கக்கெழம வெள்ளக்காரங்க வராங்க. எழுதறதுக்கெல்லாம் எங்ககிட்ட ஆளு கீது, அந்த எம்.டி. அம்மாவ மட்டும் ஒரு நாளைக்கு அனுப்புவீங்களான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."